சப்பாத்துக்கடையில் முதலாம் வகுப்பு

எங்கள் கல்விச் சபையில் பெற்றார் இணைப்பாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். வாருங்கள். அனுபவம் எழுதும் வயது எனக்கு இன்னும் வரவில்லை என்பது எனக்கும் தெரியும். நான் ஓய்வு பெறவில்லை. ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் இந்த வேலையை விட்டுப் போகிறவர் வருகிறவர்களுக்குக் கதை சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு முன்பு இருந்தவர் எனக்கு நிறையக் கதைகள் சொன்னார். பாதி, தன் மேலதிகாரியைத் திட்டுவதாகவே இருந்தது. அவற்றில்தான் நான் அதிகம் கற்றேன்.

என்னிடம் திட்டும் கதை இல்லை. மூடிக் கிடந்த கடைத்தொகுதி ஒன்றை, ஒரு மோலை, பள்ளிக்கூடமாக்கிய கதை இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் போகவில்லை. அவர்களைப் போகவிடவில்லை என்பதுதான் சரி. வேலையில் சேர்ந்த அன்று என் பெயர் அச்சிட்ட அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். குளிர்காலம், எல்லோரும் கோட்டை இழுத்து மூடியிருந்தார்கள். நான் மட்டும் அட்டை கோட்டுக்கு வெளியே தெரியும்படி விட்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அன்ரி, "பிள்ளை, மாட்டுப்படப் போகுது, உள்ளுக்கு விடும்" என்றார். "இருக்கட்டும் அன்ரி" என்றேன். இன்றைக்கும் அப்படித்தான் போடுகிறேன்.

இனி மோல். ஸ்காபரோவில் எங்கள் பாடசாலை ஒன்று மிகப் பழசாகிவிட்டது. மழைக்கு வகுப்பில் வாளி வைப்பார்கள். அதை இடித்துப் புதிதாகக் கட்டுவதென்று முடிவாயிற்று. கட்டி முடியும்வரை பிள்ளைகளை எங்கே வைப்பது? நடந்து போகும் தூரத்தில் ஒரு மோல் மூடிக் கிடந்தது. பெரிய கடைகள் முதலில் போய்விட்டன. கடைசிக் காலத்தில் ஒரு சேலைக்கடை, ஒரு நகைக்கடை, பயண முகவர் ஒருவர், காலணி விற்கும் சப்பாத்துக்கடை ஒன்று என்று எங்கள் சனத்தின் கடைகளால்தான் அது உயிரோடு இருந்தது. அவையும் வேறு பிளாசாக்களுக்குப் போனபின் சபை அதை எடுத்தது. செப்ரெம்பரில் பிள்ளைகள் உள்ளே இருக்க வேண்டும்.

திருத்த வேலை தொடங்கிய முதல் கிழமையே கட்டட மேற்பார்வையாளர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"உங்கள் ஆட்கள் உள்ளே நடக்கிறார்கள்."

"எங்கே நடக்கிறார்கள்?"

"எங்கேயும் இல்லை. சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள்!"

போய்ப் பார்த்தேன். சுகர் இருக்கிற வயதான ஆண்கள் ஒரு கூட்டம். வெளியே பனியில் வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும் என்று பல வருடங்களாகக் காலையில் மோலுக்குள் நடக்கிறவர்கள். கடைகள் மூடியதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. கடைகள் அவர்களுக்கு வழியில் நின்ற சாமான்கள்தானே. முன்னால் போனவர் தம்பிராசா அங்கிள். ஊரில் தபாலதிபராக இருந்தவர். இங்கே மகனின் வீட்டில் இருந்தார்.

"அங்கிள், இது இனிப் பள்ளிக்கூடம். வெளியாக்கள் உள்ளுக்கு வரக்கூடாது."

"பள்ளிக்கூடம் எப்ப துடங்குது?"

"செப்ரெம்பரில."

"அப்ப இப்ப பள்ளிக்கூடம் இல்லை. மோலும் இல்லை. ரெண்டுமில்லாத இடத்தில நடந்தால் ஆருக்கு நட்டம் பிள்ளை?"

மேற்பார்வையாளருக்கு இதை மொழிபெயர்த்தேன். அவர் இத்தாலியர். தன் தகப்பனும் இப்படித்தான் பேசுவார் என்று சிரித்தார். ஆனால் விடமாட்டேன் என்றார். எங்கள் பாடசாலையின் அதிபர் வந்தார். அவர் வட ஒன்ராறியோவில் சுரங்க ஊரொன்றில் பிறந்த பெண்மணி. ஓய்வுக்கு நெருங்கிய வயது. பேச்சைச் சுருக்கிப் பேசுவார். வேலை நடக்காத கிழக்குப் பக்க நடைபாதையைக் காலையில் மட்டும் அவர்களுக்கு விடச் செய்தார். நிபந்தனை ஒன்று: கட்டடத் தொழிலாளர் போடும் மஞ்சள் மேலங்கி போட வேண்டும். அடுத்த நாள் காலை ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சள் அங்கிகள் சுற்றி வந்ததைப் பார்த்திருக்க வேண்டும். தம்பிராசா அங்கிள் அதைக் கழற்றவே மறுத்துவிட்டார். கோயிலுக்கும் போட்டுக்கொண்டு போனதாகக் கேள்வி.

"கட்டடத்தை வாங்கினால் அதன் பழக்கங்களும் சேர்ந்துதான் வரும்" என்று அதிபர் என்னிடம் சொன்னார். அதை அவர் ஒரு பாடமாகச் சொல்லவில்லை. சலித்துக்கொண்டு சொன்னார். நான்தான் பாடமாக எடுத்துக்கொண்டேன். ஆனால் எங்களுடைய பெரிய சோதனை அந்த நடைக்காரரிடமிருந்து வரவில்லை. சப்பாத்துக்கடையிலிருந்து வந்தது.

வசந்தத்தில் பழைய பாடசாலை மண்டபத்தில் பெற்றார் கூட்டம். சபையின் திட்டப் பகுதியிலிருந்து ஓர் இளைஞர் வந்து எந்தக் கடை எந்த வகுப்பு என்று திரையில் காட்டினார். நகைக்கடை அலுவலகம். உணவுக் கடைகள் இருந்த இடம் உடற்பயிற்சிக் கூடம். நடு முற்றம் நூலகம். சேலைக்கடை ஆசிரியர் ஓய்வறை. வாசலுக்குப் பக்கத்தில் இருந்த சப்பாத்துக்கடை முதலாம் வகுப்பு. பெரிய அறை, நல்ல வெளிச்சம், பக்கத்திலேயே கழிவறை. சுவர் முழுக்கச் சப்பாத்து அடுக்கும் தட்டுகள் இருந்தன. அவற்றைக் கழற்றாமல் புத்தகத் தட்டுகளாக வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சந்தோசமாகச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

பவானி அக்கா எழும்பினார்.

பவானி அக்கா மோலுக்கு எதிரே இருந்த மாடிக்கட்டடத்தில் இருந்தார். விடிய, கோப்பியும் டோனற்றும் விற்கும் கடையில் வேலை. கணவர் ட்ரக் ஓட்டுபவர், கிழமையில் பாதி அமெரிக்க வீதிகளில். ஒரே மகள் துர்கா செப்ரெம்பரில் முதலாம் வகுப்புக்கு வரவேண்டியவள். அந்தக் கட்டடத்தில் யார் வீட்டிலும் நல்ல பல் வைத்தியர் யார், எந்தக் கடையில் மீன் புதுசு என்பதெல்லாம் பவானி அக்காவைக் கேட்டுத்தான். கையில் எப்போதும் தொலைபேசி. தங்கையும் தங்கையின் குடும்பமும் போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். பல கிழமைகளாகத் தொடர்பு இல்லை. அந்த வசந்தத்தில் எங்கள் பெற்றாரில் பலருக்கு அப்படி யாரோ ஒருவர் அங்கே இருந்தார்கள். வேலை முடிந்ததும் பஸ் ஏறி நகர மையத்துக்குப் போய் வீதியில் பதாகை பிடித்து நின்றுவிட்டு, பிறகு வந்து சமைத்தார்கள்.

"உவர் என்ன சொல்லுறார்? சப்பாத்துக்கடையோ?" என்றார் பவானி அக்கா.

"ஓம் அக்கா. பெரிய அறை, நல்ல வெளிச்சம்."

"சப்பாத்து வைச்ச தட்டில புத்தகம் அடுக்கப் போகினமோ?"

"புதுசாப் பெயின்ற் அடிச்சுத்தான் அக்கா…"

"தங்கச்சி, புத்தகத்தில கால் பட்டால் நீர் என்ன செய்வீர்?"

நான் பதில் சொல்வதற்குள் என் கை தானாக எழும்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. மண்டபம் முழுக்கச் சிரித்தது.

"பாத்தியளோ! கை உண்மை சொல்லுது. வாய்தான் சபையிட்டச் சம்பளம் வாங்குது."

எனக்கும் ரோசம் வந்தது. "அக்கா, இடம்பெயர்ந்து இருக்கேக்க நான் புகையிலைக் குடிலுக்குள்ள இருந்து படிச்சனான். படிப்பு ஏறாமல் போகேல்லை."

"அதுக்குத்தானே அம்மா கனடாவுக்கு வந்தனாங்கள்!"

இளைஞர் என் காதுக்குள், "என்ன சிரிக்கிறார்கள்? பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார்.

பிடிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அவர்தான் விளக்கினார். விரும்பாதவர்கள் யூன் முடிவதற்குள் சொன்னால் பிள்ளையை வேறு பாடசாலைக்கு மாற்றலாம். ஆனால் நிறையப் பேர் போனால் முதலாம் வகுப்பு கலைக்கப்படும். மிச்சப் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றிப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். ஒரு கட்டடத்தில் பிறந்து, ஒன்றாக விளையாடிய பிள்ளைகள் நாலு திசைக்கும் போவார்கள். பவானி அக்காவுக்கு இது இன்னும் கடினம். தாங்களாக மாற்றுகிறவர்களுக்குச் சபை பஸ் விடாது. கார் இல்லை. துர்காவை இரண்டு பஸ் மாற்றிக் கொண்டுபோய் விட்டால் விடிய வேலைக்குப் போக முடியாது.

"வேலையை விடுவன். உதுக்குள்ள பிள்ளையை விடமாட்டன்" என்று சொல்லிவிட்டு இருந்தார். மற்றத் தாய்மார் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்கள்.

அடுத்த கிழமை ஒரு தகப்பன், ஆங்கிலம் நன்றாக வரும் என்ற தைரியத்தில், சப்பாத்துக்கடை பிள்ளைகளுக்கு உகந்ததல்ல என்று திட்டப் பகுதிக்கு ஒரே வரியில் மின்னஞ்சல் போட்டார். திட்டப் பகுதி அதை நாற்றம் என்று விளங்கிக்கொண்டது. தரையைப் பிடுங்கிப் புதிதாகப் போட்டு, மருந்து ஊற்றிக் கழுவி, பெற்றாரை வந்து பார்க்கும்படி அழைத்தது. பவானி அக்கா வாசலில் நின்று மூக்கைச் சுருக்கினார்.

"என்ன மணம் தங்கச்சி?"

"எலுமிச்சை அக்கா."

"கோயில் திறந்தாலும் ரெண்டு எலுமிச்சம்பழம்தான் வெட்டுவினம். உவை ஒரு தோட்டத்தையே ஊத்திப் போட்டினம்."

சிரித்துக்கொண்டே போனார்கள். பிள்ளையை இங்கேயே விடுவதற்கான சம்மதப் படிவத்தில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

அன்று நான் அதிபரின் அறைக்குப் போய், "இது நாற்றம் அல்ல, சுத்தமும் அல்ல" என்றேன். மரியாதை, நம்பிக்கை, சரஸ்வதி என்று எவ்வளவோ சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நீங்களும் சீக்கிரம் அறிந்துகொள்வீர்கள்: கேட்டது, ஆனால் உள்ளே போகவில்லை. அவர் கையில் ஒரு கோப்பை சூப் இருந்தது.

"நன்றாகக் கழுவிய, ஒரு கிருமியும் இல்லாத கழிவறை வாளியில் இந்தச் சூப்பைத் தந்தால் குடிப்பீர்களா?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். "சரி. இப்போது விளங்குகிறது" என்றார். "ஆனால் வேறு அறை இல்லை."

பெற்றாரின் முறைப்பாட்டை அப்படியே தூக்கிக்கொண்டு மேலே போகாதீர்கள். கேட்கிறவரின் வயிற்றில் அது என்ன செய்யும் என்று யோசித்துவிட்டுப் போங்கள். பாவம், அவர் அந்தச் சூப்பை முடிக்கவே இல்லை.

அடுத்த பெற்றார் கூட்டத்தை மே மாதத்தில், மோலிலேயே வைப்பதாக இருந்தோம். நூலகத்துக்கென்று நடு முற்றத்தில் புதுக் கம்பளம் விரித்திருந்தார்கள். அதைக் காட்டினால் மனம் மாறும் என்பது திட்டப் பகுதியின் நம்பிக்கை. நீண்ட வார இறுதி முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை மாலை. அந்த வார இறுதியில்தான் போர் முடிந்துவிட்டது என்று எல்லாத் தொலைக்காட்சிகளும் சொல்லத் தொடங்கின. எங்களில் எவரும் 'முடிந்தது' என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை.

செவ்வாய் காலை திட்டப் பகுதியிலிருந்து, கூட்டத்தை ரத்துச் செய்துவிட்டு மோலைப் பூட்டி வைக்கச் சொல்லி அழைப்பு வந்தது. அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ என்ன நினைக்கிறாய்?"

வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கும் அன்று யோசிக்கும் தலை இருக்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டார், பதில் சொல்ல வேண்டும்.

"கூட்டம் வேண்டாம். கதவைத் திறந்து வைப்போம்."

"யார் வருவார்கள்?"

"தெரியாது. வீட்டுக்குள் இருக்க முடியாதவர்கள் வருவார்கள்."

அவர் யன்னலால் வெளியே பார்த்தார். ஏதாவது பிழை நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், நான் அல்ல. "கோப்பிப் பாத்திரத்தை நான் கொண்டு வருகிறேன்" என்றார்.

கதிரை போடவில்லை, ஒலிவாங்கி வைக்கவில்லை. முதலில் தம்பிராசா அங்கிள் வந்தார். மஞ்சள் அங்கி இல்லாமல் வந்தார். புதுக் கம்பளத்தைப் பார்த்ததும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடு முற்றத்தில் போய் நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தார். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். வேலை உடுப்போடு வந்தவர்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்து வந்தவர்கள். சிலர் அழுதார்கள். பிள்ளைகள் மட்டும் கம்பளத்தில் உருண்டார்கள். எவரும் அவர்களை அதட்டவில்லை.

வாசலில் சப்பாத்துகள் குவிந்துவிட்டன. அதிபர் மெதுவாக என்னிடம் வந்து, அந்த வழியை மட்டும் மறிக்கக் கூடாது, ஆபத்தென்றால் ஆட்கள் வெளியே போக முடியாது என்றார். சொல்லும்போதே அவருக்குக் கூச்சமாக இருந்தது. நான் குனிவதற்குள் கதவோரம் இருந்த பவானி அக்கா எழும்பினார். தொலைபேசியைக் கைப்பைக்குள் வைத்தார். அதை அவர் கையிலிருந்து விட்டு நான் பார்த்தது அன்றுதான். குனிந்து, சப்பாத்துகளை இரண்டு கையாலும் அள்ளினார். பக்கத்து அறை சப்பாத்துக்கடை. அங்கே கொண்டுபோய் ஒவ்வொரு சோடியாகத் தட்டில் வைத்தார். தொழிற்சாலைச் சப்பாத்துகள், தாதியரின் வெள்ளைச் சப்பாத்துகள், நடந்தால் விளக்கு எரியும் சின்னப்பிள்ளைச் சப்பாத்துகள்.

"விடுங்கோ அக்கா, அவையவையே எடுத்து வைப்பினம்."

"கைக்கு ஏதும் வேலை வேணும் தங்கச்சி."

நானும் சேர்ந்து எடுத்துக் கொடுத்தேன். தட்டுகள் நிறைந்துகொண்டு வந்தன. அதிபர் அறை வாசலில் நின்று அந்தத் தட்டுகளைப் பார்த்தார். பிறகு திரும்பி, முற்றத்தில் வெறுங்காலோடு இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தையும் கழற்றி, தானே கொண்டுவந்து கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, கோப்பிப் பாத்திரத்தடியில் போய் நின்றார்.

அடுத்த நாள் காலை நான் கோட்டைக் கழற்றுமுன்பே அதிபர் கூப்பிட்டார்.

"அந்த அறை எதற்கென்று அவர்கள் நேற்றுக் காட்டிவிட்டார்கள். குளிர்காலத்தில் இத்தனை பிள்ளைகளின் பனிச் சப்பாத்தையும் நான் எங்கே வைப்பது என்று ஒருவரும் இதுவரை யோசிக்கவில்லை."

"அப்படியென்றால் முதலாம் வகுப்பு?"

"சேலைக்கடை."

"அது ஆசிரியர்களின் ஓய்வறை."

"இன்றைக்குப் பின்னேரம்வரை."

ஆசிரியர்களைக் கூட்டினார். அவர்களுக்குப் பயண முகவரின் அறைதான் மிச்சம், ஒடுங்கிய அறை. ஒருவர் மட்டும், அங்கே மைக்ரோவேவ் வைக்க இடமிருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றதும் கை தூக்கினார்கள். அந்த அறையின் சுவரில் ஒட்டியிருந்த பெரிய விமானப் படத்தைக் கழற்றக் கூடாது என்பது அவர்களின் ஒரே நிபந்தனை. திட்டப் பகுதி இளைஞர், முத்திரை குத்திய வரைபடத்தை மாற்ற முடியாது என்று தொலைபேசியில் சத்தம் போட்டார். "திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், நான் ஓய்வு பெறப் போகிறவள்" என்று சொல்லிவிட்டு அதிபர் தொலைபேசியை வைத்தார். ஓய்வுக்குக் கிட்ட இருக்கும் மேலதிகாரி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குப் பயம் குறைவு.

நான் வீடு வீடாகச் செய்தி சொன்னேன். எல்லோருக்கும் சந்தோசம். எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "பவானி அக்கா என்ன சொல்லுறா?"

பவானி அக்கா தொலைபேசியை எடுக்கவில்லை. வேறொரு அழைப்புக்காக அதைக் காலியாக வைத்திருந்தார். யூன் முடியப் போகிறது. ஒரு காலை டோனற் கடைக்கே போய் வரிசையில் நின்றேன்.

"அக்கா…"

"பின்னால லைன் நிக்குது. என்ன வேணும்?"

"பதில் வேணும்."

"உது மெனுவில இல்லை."

"சரி, ஒரு கோப்பி. சேலைக்கடை அறையைத் தந்திட்டினம் அக்கா. பாத்தனீங்களோ?"

"பாத்தன். சுவர் முழுக்கக் கண்ணாடி. என்ர மகள் ஏற்கெனவே கண்ணாடிக்கு முன்னாலதான் குடியிருக்கிறாள்."

"அப்ப வாறாளோ?"

"கோப்பியை எடுத்துக்கொண்டு தள்ளி நில்லும். பிறேக்கில வாறன்."

பின் கதவடியில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"நேற்று ரெலிபோன் கோல் வந்தது. வவுனியாவில இருந்து ஆரோ ஒரு பெடியன். முகாமில கம்பிக்கு வெளியில நிண்டு பேர் கேட்டு அறிஞ்சவனாம்."

நான் கிட்டப் போனேன்.

"தங்கச்சியும் பிள்ளையும் இருக்கினம். மச்சான் இல்லை." தொப்பியைக் கையில் மடித்தார். "பிள்ளைக்குத் துர்காவின்ர வயசு."

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் அதை விடுவித்து என் கோப்பியில் ஒரு மிடறு குடித்தார்.

"துர்கா வருவாள். மற்றவையும் வருவினம், நான் சொல்லுறன். ஆனால் ஒண்டு. துர்காவுக்குப் பக்கத்தில ஒரு கதிரை போட வேணும். தங்கச்சியின்ர பிள்ளைக்கு."

"அக்கா, அவை இங்க வாறதெண்டால்…"

"விசாவைப் பற்றி எனக்கு நீர் வகுப்பு எடுக்க வேண்டாம். நான் கதிரையைத்தான் கேட்டனான்."

அந்த இடத்தில் "போடுறம் அக்கா" என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. சொல்லவில்லை. எங்களிடம் வருகிறவர்களுக்கு அதிகாரிகள் கொடுத்த வாக்குகள் நிறைய. அந்தக் குவியலில் நாங்களும் ஒன்றைப் போடக் கூடாது. "கேட்டுச் சொல்லுறன்" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரியாயிற்று. நான் பஸ்ஸுக்கு நிற்கவில்லை, ஓடினேன்.

அதிபர் முழுவதையும் கேட்டார். இந்த நாட்டில் இல்லாத பிள்ளையைப் பதிய முடியாது, அப்படி ஒரு பதிவு இருந்தால் அது பொய் என்றார்.

"ஆனால் கதிரை போடுவதற்குப் பதிவு எதற்கு?" என்றார். "என் பள்ளிக்கூடத்தில் கதிரை எங்கே போடுவதென்று நான்தான் தீர்மானிக்கிறேன். போய்ச் சொல்."

திரும்பவும் ஓடினேன். பவானி அக்கா வேலை முடிந்து உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றார். சொன்னேன். "ம்" என்றார். அவ்வளவுதான். பின்னேரம் அவரும் அவருக்குப் பின்னால் அந்தக் கட்டடத்துத் தாய்மாரும் கையெழுத்துப் போட எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். நிற்க இடம் இருக்கவில்லை.

செப்ரெம்பரில் சேலைக்கடைக்குள் முதலாம் வகுப்பு தொடங்கியது. ஒருவரும் வேறு பாடசாலைக்குப் போகவில்லை. பிள்ளைகள் கண்ணாடிகளைப் பார்த்து முகத்தைக் கோணலாக்கிக் காட்டுவதை நிறுத்த ரீச்சர் ஒரு கிழமை பாடுபட்டார். பிறகு அவரும் காட்டத் தொடங்கினார். துர்காவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை இருந்தது. பவானி அக்கா மகளைக் கூட்டிப் போக வரும்போதெல்லாம் கதவால் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார்.

இலையுதிர்காலத்தில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தகப்பனுக்குக் கம்பியூட்டர் வேலை. மகள் வகுப்புக்குப் புதிது. ரீச்சர் அவளை வெறுமையாக இருந்த கதிரையில் இருத்திவிட்டார். புதுப் பிள்ளைக்குத் தமிழ் தெரிந்த ஒரு சினேகிதி பக்கத்தில் வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். எனக்குத் தெரிய வந்தபோது பள்ளி விடும் நேரம். நான் வகுப்பு வாசலுக்கு ஓடினேன். பவானி அக்கா எனக்கு முன்னரே அங்கே நின்றார்.

"ஆர் உது?"

"புதுப் பிள்ளை அக்கா. சென்னை. ரீச்சருக்குத் தெரியாது. நான் இப்பவே வேற கதிரை எடுத்துப் போடுவிக்கிறன்…"

உள்ளே துர்கா அந்தப் பிள்ளையின் மழைக்கோட்டைப் பூட்டும் சிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். சிப் நடுவில் சிக்கியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி இரண்டு விதமான தமிழில் சண்டை பிடித்தார்கள். பவானி அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம். இருக்கட்டும். வெறுங்கதிரை வைச்சிருக்கிறது கூடாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அவள் வரேக்க இன்னொண்டு போடுவியள்தானே?"

"போடுவம் அக்கா" என்றேன். அதை நான் யாரிடமும் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை.